ஒற்றைச் சம்பளத்தில் குழந்தையின் முதல் ஆண்டு: படிப்படியான வழிகாட்டி

முதல் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே வீட்டுக்குள் இரண்டு கவலைகள் சேர்ந்து நுழைகின்றன. பிள்ளையை நல்லபடியாக வளர்க்க வேண்டும். கடன் வாங்காமல் வளர்க்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் சில மாதங்களோ ஓராண்டோ வேலையை விட்டு வீட்டில் இருப்பது என்று முடிவெடுத்த குடும்பங்களில் இரண்டாவது கவலை இன்னும் அழுத்தும். எங்கள் வீட்டில் அந்த ஆண்டைக் கடந்தபோது, எதை முதலில் செய்வது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது, எதை வாங்காமலே சமாளிக்கலாம் என்று சொல்ல ஆளில்லாமல் மிகவும் திண்டாடினோம். அடுத்து வருபவர்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம் என்பதற்காகவே செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

குழந்தைக்கான வீண்செலவில் பெரும்பகுதி, தேவை வருவதற்கு முன்பே வாங்கிவிடுவதிலிருந்துதான் வருகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் எவ்வளவு செலவிடுவது என்பதைவிட, எப்போது செலவிடுவது என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். செலவைக் குறைக்கக் கூடாத இடங்களும் சில உண்டு. அவற்றையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. வருமானம் குறைவதற்கு முன்பே ஒற்றைச் சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள்

பிரசவத்துக்கு மூன்று, நான்கு மாதங்கள் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும். இருவரும் சம்பாதித்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே, யாருடைய வருமானம் நிற்கப்போகிறதோ அவருடைய சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மற்றவருடைய சம்பளத்தில் மட்டும் வீட்டை நடத்திப் பாருங்கள். எந்தச் செலவு இடிக்கிறது என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். தொடாமல் வைத்த சம்பளமோ பிரசவச் செலவுக்கும் அவசரத்துக்கும் கையிருப்பாகச் சேரும். காகிதத்தில் எவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டாலும், உண்மையில் வாழ்ந்து பார்த்தால் கிடைக்கும் தெளிவு அதில் கிடைப்பதில்லை.

அந்த மாதங்களில் ஒரு நோட்டில் மாதச் செலவை எழுதுங்கள். வாடகை, மின்கட்டணம் போன்றவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் காப்பீட்டுத் தவணை, வரி, வண்டிப் பராமரிப்பு ஆகியவைதான் விட்டுப்போகும். அவற்றை எல்லாம் கூட்டி 12-ஆல் வகுத்து, வரும் தொகையை மாதச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். ஒற்றைச் சம்பளக் குடும்பங்கள் கடனில் விழுவது பெரும்பாலும் இந்த ஆண்டுச் செலவுகள் வந்து நிற்கும் மாதத்தில்தான்.

வேலையை விடுபவரின் பக்கத்தில் மிச்சமாகும் செலவுகளையும் மறக்காமல் எழுதுங்கள். பயணம், வெளிச் சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த கட்டணம் ஆகியவற்றைக் கழித்த பிறகு இழப்பு எவ்வளவு என்று பார்த்தால், வீட்டில் இருப்பது என்ற முடிவு உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது விளங்கிவிடும்.

2. ஆவணங்களுக்கு ஒரு கோப்பு

இந்தப் படியில் செலவு மிகக் குறைவு. தவறவிட்டால் படும் பாடு மிக அதிகம். பிரசவத்துக்கு முன்பே ஒரு கோப்பு வாங்கி, பெற்றோர் இருவரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, திருமணச் சான்று, காப்பீட்டுப் பத்திரம், கர்ப்ப காலப் பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றின் நகல்களை அதில் வைத்துவிடுங்கள். வலி எடுத்த இரவில் பீரோவைக் குடையும் வேலை மிச்சமாகும்.

முதலில் விடுப்புக் கடிதத்தைக் கவனியுங்கள். மகப்பேறு விடுப்புக்கும் தந்தையர் விடுப்புக்கும் எத்தனை வாரங்களுக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எந்த மருத்துவச் சான்றை இணைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்னவர் நாளை வேறு பிரிவுக்கு மாறிவிடலாம்.

காப்பீட்டுக்கு வருவோம். பல குடும்பக் காப்பீட்டுத் திட்டங்களில், பிறந்த குழந்தையைச் சேர்ப்பதற்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே தரப்படும். அதைத் தாண்டினால் அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க நேரிடும். அந்த நாட்கள் எத்தனை, பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே மருத்துவமனைத் தாளைக் கொண்டு சேர்க்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளையும் பிரசவத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறப்புப் பதிவில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து பதிவு அலுவலகத்துக்குப் போகும் படிவத்தை நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்காமல் விடாதீர்கள். எங்கள் குழந்தைக்கு மருத்துவமனையில் நிரப்பிய படிவத்தில் தாயின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போயிருந்தது. அந்த ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு உறுதிமொழிப் பத்திரம், கட்டணம், திரும்பத் திரும்ப வரிசையில் நிற்பது என்று மாதக்கணக்கில் இழுத்தது. ஆகவே, கையெழுத்திடும் முன் அடையாளச் சான்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாய் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, நேரம், முகவரி ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பதிவுக்கு ஒவ்வொரு நாட்டிலும் கால வரம்பு உண்டு. அதற்குள் செய்தால் கட்டணம் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும், தாண்டினால் தாமதக் கட்டணமும் கூடுதல் சான்றுகளும் கேட்பார்கள். பெயர் இன்னும் முடிவாகவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பல இடங்களில் பெயரில்லாமல் பதிந்துவிட்டுப் பிறகு பெயரைச் சேர்க்கும் வழி இருக்கிறது. அதற்கும் ஒரு கெடு இருக்கும் என்பதால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். சான்றிதழ் வாங்கும்போதே கூடுதல் பிரதிகளுக்கும் விண்ணப்பித்துவிட்டால் மறுபடி அலைய வேண்டாம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் தரப்படும் வெளியேற்றச் சுருக்கத்தில் குழந்தையின் பிறப்பு எடை, உயரம், தலைச் சுற்றளவு, பிறந்தவுடன் போட்ட தடுப்பூசிகள், செய்த பரிசோதனைகளின் முடிவு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். தடுப்பூசி அட்டையை, ஒவ்வொரு முறை பதிவு செய்தவுடன், கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம். பள்ளிச் சேர்க்கை வரை கேட்கப்படும் ஆவணம் அது.

3. முதல் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்

பிறந்த குழந்தையின் எடை ஏறக்குறைய ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஓராண்டு முடிவில் மூன்று மடங்காகவும் ஆகிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால், பிரசவத்துக்கு முன்பே அடுக்கடுக்காகச் சட்டை வாங்கும் ஆசை தானாகவே அடங்கிவிடும். பிறந்த அளவு உடைகள் சில வாரங்களில் போதாமல் போய்விடும்.

முதல் வாரத்துக்கு முன்பக்கம் திறக்கும் பருத்திச் சட்டைகள் ஆறு முதல் எட்டு, பிள்ளையைச் சுற்ற மெல்லிய துணிகள் நான்கைந்து, விரிப்புகள் மூன்று, நாப்கின்கள் அல்லது ஒரு சிறு டயப்பர் பொட்டலம், ஒரு டிஜிட்டல் வெப்பமானி, பாதுகாப்பாகப் படுக்க ஓர் இடம் ஆகியவை போதும். குளிப்பாட்டுவதற்கென்று தனித் தொட்டி தேவையில்லை, அதற்கு மட்டும் ஒதுக்கிய சுத்தமான ஓர் அகலப் பாத்திரமே போதுமானது. நடக்கத் தொடங்கி வெளியே இறங்கும் வரை காலணிக்கு வேலையே இல்லை.

புட்டிகள், ஸ்டெரிலைசர், பால் எடுக்கும் பம்ப், உயரமான சாப்பாட்டு நாற்காலி, தள்ளுவண்டி ஆகிய அனைத்தும் தேவை தெரிந்த பிறகு வாங்க வேண்டியவை. சாப்பாட்டு நாற்காலி ஆறாம் மாதத்துக்கு முன் உதவாது. ஸ்டெரிலைசர் வாங்காமலே, ஒரு பெரிய பாத்திரத்தில் புட்டியும் மூடியும் முழுவதும் மூழ்கும்படி நீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் அதே பயன் கிடைக்கும். நடைபழக்கும் சக்கர வாக்கரை எந்தக் காலத்திலும் வாங்காதீர்கள். அது நடையை விரைவாக்குவதில்லை. குழந்தையைப் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் விரைவாகக் கொண்டு சேர்க்கிறது. கனடா 2004-இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

படுக்கும் இடத்தில் சிக்கனமும் பாதுகாப்பும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. மல்லாந்து படுக்க, தட்டையான, அழுத்தினால் குழியாத மெத்தை, அதன்மேல் இறுக்கமாகப் பொருந்தும் ஒரே ஒரு விரிப்பு. முதல் ஆண்டில் தலையணை, கனத்த போர்வை, கட்டிலின் ஓரங்களில் கட்டும் மென்திண்டு, பொம்மை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. கடைகளில் அழகான தொகுப்பாக விற்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

பரிசு தர விரும்புபவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். ஆறு மாத அளவிலோ ஓராண்டு அளவிலோ உடைகள், அல்லது டயப்பர் வாங்கப் பணம் என்று சொன்னால் அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம்.

4. நாப்கினா, டயப்பரா: கணக்குப் போட்டு முடிவெடுங்கள்

முதல் ஆண்டின் தொடர்செலவில் பெரியது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிறந்த முதல் வாரங்களில் ஒரு நாளைக்குப் பத்து முறையோ அதற்கு மேலுமோ மாற்ற வேண்டியிருக்கும். போகப்போக அது ஆறு, ஏழாகக் குறையும். சராசரியாக ஏழு என்று வைத்தாலே ஓராண்டுக்கு 2,500-ஐத் தாண்டிவிடும். உங்கள் ஊரில் ஒரு டயப்பரின் விலையை அந்த எண்ணால் பெருக்குங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அளவு பெரிதாக ஆக, அதே விலைப் பொட்டலத்தில் எண்ணிக்கை குறையும். ஆகவே பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல், அதை எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றின் விலையை மட்டுமே ஒப்பிடுங்கள். தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்று சிறிய அளவை மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். தொடையில் ரப்பர் பதிந்த சிவப்புத் தடம் தெரிவதும், முதுகுப் பக்கம் அடிக்கடி கசிவதும் அளவு மாற்றச் சொல்லும் அறிகுறிகள், அவை எதிர்பாராத வாரத்தில் வந்துவிடும்.

மறுபக்கத்தில் துணி நாப்கினுக்கான கணக்கில், வாங்கும் செலவோடு சோப்பு, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றையும் துவைக்கும் உழைப்பையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் துவைப்பதானால் இருபதிலிருந்து இருபத்துநான்கு வேண்டும். தினமும் துவைப்பதானால் பன்னிரண்டு, பதினைந்தில் சமாளிக்கலாம். அளவு கூட்டிக் குறைக்கும் பொத்தான் வைத்தவை முதலில் விலை அதிகமாகத் தெரிந்தாலும், பிறந்த சில வாரங்களிலிருந்து பிள்ளை கழிவறைக்குப் பழகும் வரை உழைக்கும். அடுத்த குழந்தைக்கும் வரும். அவற்றிலும் முழுத் தொகுப்பை ஒரேயடியாக வாங்காமல் மூன்று வகைகளில் இரண்டிரண்டு வாங்கி, உங்கள் பிள்ளையின் இடுப்புக்கும் தொடைக்கும் எது கசியாமல் பொருந்துகிறது என்று இரண்டு வாரம் பார்த்த பிறகு மீதியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

துணி நாப்கினைக் கைவிடுபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் அது கசிகிறது என்பதுதான். அதைச் சோதிக்க எளிய வழி உண்டு. துவைத்துக் காய்ந்த நாப்கினை மேசையில் விரித்து, அதன் நடுவில் ஒரு கரண்டி நீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் உடனே துணிக்குள் இறங்கினால் நாப்கினில் குறையில்லை, கட்டும் முறையைத்தான் பார்க்க வேண்டும். நீர் முத்து முத்தாகத் திரண்டு மேலேயே உருண்டால், இழைகளில் எண்ணெய்ப் பசையோ துணி மென்மையாக்கும் திரவமோ படிந்திருக்கிறது என்று பொருள். அந்தத் திரவத்தை நாப்கினோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கொழுப்பு அதிகமுள்ள களிம்புகளைத் தடவும் நாட்களில் நடுவே ஒரு மெல்லிய துணியை வைத்துக்கொள்ள வேண்டும். படிந்துவிட்டதென்றால் சூடான நீரில் சோப்பிட்டு, நுரை வராத அளவுக்குத் திரும்பத் திரும்ப அலசினால் சரியாகிவிடும். புதிய பருத்தி நாப்கின்களும் முதலில் சரியாக உறிஞ்சாது, இயற்கை எண்ணெய் போக நான்கைந்து முறையாவது துவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

துவைக்கும் முறையில் மூன்று விஷயங்கள் போதும். மலத்தை உடனே கழிவறையில் தட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வாளியில் நாள்கணக்கில் ஊறப் போடாமல் காற்றோட்டமான கூடையில் போட்டு வையுங்கள். சோப்பைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள், சோப்பு போதாததால்தான் நாற்றமும் புண்ணும் வருகின்றன. வெயிலில் உலர்த்தினால் கறையும் வெளுத்துவிடும்.

என் அனுபவத்தில், பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் டயப்பர் என்ற கலப்பு முறைதான் பெரும்பாலான குடும்பங்களுக்கு நீடித்து நடக்கும். முழுக்கத் துணி என்று சபதம் எடுத்து, தூக்கமில்லாத மூன்றாம் மாதத்தில் மொத்தமாகக் கைவிடுவதைவிடப் பாதியை ஓராண்டு முழுக்க நடத்துவது அதிகம் மிச்சப்படுத்தும். துடைப்பதற்கு வெட் வைப்ஸ் வெளியே போகும்போது மட்டும் போதும், வீட்டில் பழைய பருத்தித் துணியை உள்ளங்கை அளவில் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்தால் தோலுக்கும் அதுதான் நல்லது.

5. பாலும் முதல் உணவும்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்தக் காலத்தில் தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலுக்குச் செலவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதற்குத் தாயின் நேரமும் உடலும் வேண்டும், மற்றவர்கள் வீட்டு வேலையை எடுத்துக்கொண்டால்தான் அது நடக்கும். ஆகவே இந்தப் படி தந்தைக்கும் உரியது. முதல் நாட்களில் முலைக்காம்பில் வலியும் புண்ணும் வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காமல், மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே செவிலியரை அழைத்துப் பிள்ளை பற்றும் நிலையைச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்த உதவி கிடைக்காமல்தான் பலர் விருப்பமில்லாமலே புட்டிக்கு மாறுகிறார்கள்.

பால் போதுமா என்ற பயம் எல்லோருக்கும் வரும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, எடை ஏறிவந்தால் போதுமான பால் கிடைக்கிறது என்று கொள்ளலாம். எடுத்து வைத்த தாய்ப்பாலை 25 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்களும் வைக்கலாம்.

பால்மாவு தர வேண்டிய நிலை வந்தால் அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் இங்கே சிக்கனம் காட்டவே கூடாத ஓர் இடம் இருக்கிறது: டப்பாவில் சொன்ன அளவைவிட மாவைக் குறைத்தோ நீரைக் கூட்டியோ கரைக்காதீர்கள். குழந்தைக்குச் சத்தும் குறையும், இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து வலிப்புவரை போகும். மாவு கிருமி நீக்கப்பட்டது அல்ல என்பதால், கொதித்து ஆறிவரும் நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்கும் முன் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். கரைத்து வெளியே வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த முறைக்கு எடுத்துவைக்கக் கூடாது. வீணாவதைத் தவிர்க்க முதலில் குறைவாகக் கரைத்து, கேட்டால் மீண்டும் கரைப்பதே வழி. ஓராண்டுக்குப் பிறகு தரச் சொல்லி விளம்பரப்படுத்தப்படும் வளர்ச்சிப் பால்கள் ஆரோக்கியமான குழந்தைக்கு அவசியமில்லை.

ஆறு மாதம் நிரம்பியதும் திட உணவு தொடங்கலாம். தனிப் பாக்கெட் உணவுக்குப் பதிலாக, வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதிலிருந்தே, உப்பும் காரமும் சேர்க்கும் முன் பிள்ளைக்குரிய பங்கை எடுத்து, கரண்டியின் பின்புறத்தால் மசித்துக் கொடுத்தால் கூடுதல் செலவே இல்லை. நீர்க்கக் கரைக்காதீர்கள், கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத கெட்டிதான் வயிற்றுக்கு நிறைவைத் தரும். 6 முதல் 8 மாதங்களில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, அதன் பிறகு மூன்று நான்கு வேளை என்பது பொதுவான கணக்கு. பிறக்கும்போது உடலில் இருந்த இரும்புச்சத்துச் சேமிப்பு இந்தக் காலத்தில் குறைந்துவிடுவதால் பருப்பு, முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றில் உங்கள் வீட்டில் எது உண்டோ அதைத் தொடக்கத்திலேயே சேருங்கள். தேனை மட்டும் ஓராண்டு வரை தொடாதீர்கள். அதில் இருக்கக்கூடிய நுண்வித்துக்கள் சிறு குழந்தைக்குக் கடுமையான நச்சுநோயை உண்டாக்கும்.

6. பிறர் பயன்படுத்திய பொருட்கள்: எவை சரி, எவை கூடாது

உடை, புத்தகம், விரிப்பு, மரப் பொம்மை, சாப்பாட்டு நாற்காலி ஆகியவற்றைப் பழையதாக வாங்குவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். நன்றாகத் துவைத்துத் துடைத்துவிட்டால் போதும். ஒரு சிலவற்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

குழந்தைக்கான கார் இருக்கையை, அதன் வரலாறு முழுவதும் தெரிந்த நெருங்கியவரிடம் தவிர வேறு யாரிடமும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை விபத்தில் சிக்கிய இருக்கையில் வெளியே தெரியாத விரிசல் இருக்கலாம். மேலும், அதன் அடியில் தயாரிப்புத் தேதியும் பெரும்பாலும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 6 முதல் 10 ஆண்டுகள்தான் ஆயுள். கட்டிலானால் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை பொருந்தாது. பக்கச் சட்டம் கீழே இறங்கும் பழைய வகைக் கட்டில்களையும், திருகாணி குறைந்தவற்றையும் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் மட்டும் பயன்படுத்துவதற்கென்று செய்யப்பட்ட பால் பம்ப்பின் உட்பகுதியைச் சுத்தம் செய்ய முடியாது என்பதால் அதையும் பகிர வேண்டாம்.

பொம்மைகளுக்குக் கழிவறைக் காகிதச் சுருளின் நடு அட்டைக் குழாய் ஒன்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளோ, அதன் கழன்று வரும் பகுதியோ அந்தக் குழாய்க்குள் புகுந்துவிட்டால் அது மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் இருக்கக் கூடாது. பொத்தான் பேட்டரி போட்ட பொம்மையானால் பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்துபோகும் அளவுக்குப் புண்ணாகும்; அப்படிச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

7. மருத்துவச் செலவு

அட்டவணைப்படி தடுப்பூசி போடுவதுதான் இந்தத் தலைப்பின் கீழ் வரும் மிகப் பெரிய சேமிப்பு. பல நாடுகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் பொது மருத்துவ மையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. விலை கொடுத்துப் போடும் கூடுதல் ஊசிகள் எவை, எந்த மாதத்தில் வரும் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, அந்த மாதங்களின் செலவுத்திட்டத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், நள்ளிரவானாலும் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அந்தச் செலவைப் பற்றி யோசிக்கவே கூடாது. காய்ச்சல் மருந்தின் அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. அளவு குறித்த சிறு ஊசிக்குழல் கொண்டே கொடுங்கள், வீட்டுக் கரண்டிகள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபடும். கடையில் கேட்டு வாங்கும் சளி, இருமல் மருந்துகள் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு உதவாது, தீங்கும் செய்யலாம்.

வயிற்றுப்போக்கின்போது தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டை எப்போதும் வீட்டில் வைத்திருங்கள். பிள்ளை சிறியது என்பதற்காகப் பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைக்காமல், முழுப் பொட்டலத்தையும் அதில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். பாலை நிறுத்த வேண்டாம்.

8. விளையாட்டும் பகல் பொழுதும்

முதல் ஆண்டில் பிள்ளைக்கு வேண்டிய விளையாட்டுப் பொருள் உங்கள் முகமும் குரலும்தான் என்பதை நான் மனதார நம்புகிறேன். துணி மடிக்கும்போது பேசுவதும், சமையலறைப் பாத்திரங்களில் கூர்மையில்லாத மூன்றைத் தரையில் போட்டுத் தட்ட விடுவதும் போதும். வந்து சேரும் பொம்மைகளில் பாதியை எடுத்துவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுத்தால் பழையதும் புதியதாகிவிடும். ஒரு வயதுக்கு முன் திரை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அறிவை வளர்க்கும் என்று விற்கும் செயலிகளுக்குச் சந்தா கட்டும் செலவும் இதனால் குறையும். நூலகம் பக்கத்தில் இருந்தால் பிள்ளையின் பெயரிலேயே ஓர் உறுப்பினர் அட்டை வாங்குங்கள்.

வீட்டில் இருப்பவருக்கும் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு பொழுதாவது மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, அவர் வெளியே போய்வருவதற்கான சிறு தொகையைச் செலவுத்திட்டத்தில் தனியாக எழுதுங்கள். பணம் இறுக்கமாகும்போது முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான், அதை வெட்டாதீர்கள். தூக்கமின்மையைத் தாண்டி, இரண்டு வாரங்களுக்கு மேல் அழுகையும் வெறுமையும் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தந்தையருக்கும் அது வருவதுண்டு.

9. மாதம் ஒருமுறை அரைமணி நேரம்

மாதத்தின் கடைசி ஞாயிறன்று இருவரும் சேர்ந்து உட்காருங்கள். நோட்டில் நான்கு பத்திகள் போதும்: இந்த மாதம் வாங்கியது, அதில் பயன்படுத்தாமல் கிடப்பது, அடுத்த மாதம் வரப்போகும் தேவை, கெடு நெருங்கும் ஆவணம் அல்லது ஊசி. இரண்டாவது பத்தியை நேர்மையாக நிரப்பினால், மூன்றாவது பத்தி தானாகவே சுருங்கிவரும். விலை உயர்ந்த எதையும் எழுதிய அன்றே வாங்காமல் அடுத்த ஞாயிறு வரை விட்டுவையுங்கள்.

சிறிதாகிப்போன உடைகளையும் பொருட்களையும் அந்த நாளிலேயே பிரித்துவிடுங்கள். அடுத்த குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள், துவைத்து நன்றாக உலர்ந்தவற்றை மாதக்கணக்கு எழுதிய பைகளில் வைக்கலாம். பால் கறை முதலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு மஞ்சளாகும் என்பதால் கழுத்துப் பகுதியை மறுமுறை சோப்பிட்டு அலசிய பிறகே கட்டி வையுங்கள். நாப்கின்களில் ரப்பர் தளர்ந்தவற்றை அப்போதே தனியாக எடுத்து ரப்பரை மாற்றித் தைக்கக் கொடுத்துவிட்டு, மீதியை இறுக்கி அடுக்காமல் விரித்தபடி வையுங்கள். விற்க நினைப்பவர்கள் தாமதிக்க வேண்டாம்: பெட்டியும் கையேடும் வாங்கிய ரசீதும் சேர்ந்திருந்தால் நல்ல விலை கிடைக்கும், ஆகவே அந்த ரசீதுகளை இரண்டாம் படியில் சொன்ன கோப்பின் கடைசி உறையில் முதல் நாளிலிருந்தே சேர்த்துவாருங்கள்.